தேனீ பரிபாலனமும் இரு பருவமழைகளும்

விளவங்கோடு, கல்குளம் தாலுக்காக்களில் தேன்பெட்டி வைத்திருப்பவர்களிடம் ஓர் ஆண்டில் தேன் ஏன் குறைந்தது என்று விசாரித்தால், அவர்களில் பெரும்பாலோர் மாசி மாதத்தில் அகாலமாகப் பெய்த ஒரு மழையையோ, தை மாதத்து மூடுபனியையோ சுட்டிக்காட்டி, உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது என்று தம் விதியை நொந்துகொள்வார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் பாதிதான் உண்டு. இன்று காலையில் பெட்டி வாசலிலிருந்து பூவுக்குப் பறந்து செல்லும் தேனீக்களின் தொகையை இன்றைய வானம் நிர்ணயிப்பதில்லை. ஏறக்குறைய நாற்பது நாட்களுக்கு முந்திய வானமே அதை நிர்ணயித்து வைத்திருக்கிறது. தோட்டத்தையும் பெட்டியையும் மாறுகின்ற சீதோஷ்ணத்தினூடே நடத்திச் செல்லும் வித்தை முழுவதும் இந்தக் காலதாமதத்தை அறிந்து நடந்துகொள்வதில் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்தத் தாலுக்காக்களின் சீதோஷ்ணம் தமிழ்நாட்டின் பெரும்பாலான பகுதிகளுக்கு வாய்க்காத ஒரு விசேஷம் உடையது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, இடவப்பாதி என்று மக்கள் வழங்கும் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையுமாக இரண்டும் இங்கே பெய்கின்றன; கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக நெல்லும் இவ்விரு மழைகளை நம்பியே விளைந்து வந்தது. கிழக்கே தோவாளையையும் அகஸ்தீஸ்வரத்தையும் நோக்கிப் போகப் போக மழை குறைந்து பனைமரங்கள் தலைகாட்டத் தொடங்கும். மேற்கிலோ, 'விளை' என்று சொல்லப்படும் தோட்டங்களில் தென்னையும் வாழையும் பலாவும் மரச்சீனியும் மிளகுக் கொடியும் ஒன்றையொன்று நெருக்கி நிற்க, மேட்டு நிலங்கள் ரப்பருக்குப் போய்விட்டன. 1920-களில் மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராம நிலையத்தை நடத்திவந்த ஸ்பென்சர் ஹேட்ச் என்னும் அமெரிக்கர், ஏழைக் குடியானவர்களுக்கு உபதொழிலாகத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தபோது இவ்வூர்கள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, 1911-க்கும் 1917-க்கும் இடையில், பாதிரியார் நியூட்டன் தென்னிந்தியக் கிராமத்தாருக்கு இத்தொழிலைப் பயிற்றி, இந்நாட்டு அடுக்குத் தேனீயின் சிறிய உடலுக்கு ஏற்ற சிறிய பெட்டி ஒன்றை வகுத்திருந்தார். ஏழு சட்டங்கள் கொண்ட அப்பெட்டி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அடைக்கும் அடைக்கும் நடுவே தேனீ நடமாடும் அளவுக்குச் சரியாகச் சந்து விட்டால் அது அந்தச் சந்தை மெழுகால் அடைப்பதில்லை என்று 1851-இல் லாங்ஸ்ட்ராத் என்னும் அமெரிக்கர் கண்ட உண்மையே, நியூட்டன் பெட்டி உட்பட, சட்டங்களைத் தனித்தனியே தூக்கிப் பார்க்கக்கூடிய எல்லாப் பெட்டிகளுக்கும் ஆதாரம்.

பெட்டிக்குள்ளே ஒரு தனிச் சீதோஷ்ணம் இருக்கிறது. புழு வளரும் அடைகளின் நடுப்பகுதியில் உஷ்ணநிலை ஏறக்குறைய 33 முதல் 36 டிகிரி சென்டிகிரேடுக்குள் நிற்க வேண்டும். வெளியே ஆடிச் சாரலானாலும் சித்திரை வெயிலானாலும் இந்த வரம்பு மாறுவதில்லை. குளிர்ந்த நாட்களில் தேனீக்கள் புழு அறைகளின் மேல் நெருங்கி அமர்ந்து, சிறகை அசைக்காமலே சிறகுத் தசைகளை மட்டும் நடுங்கச் செய்து உடலைச் சூடாக்கிக்கொள்கின்றன. அதற்குச் செலவாகும் எரிபொருள் தேன். வெப்பம் மிகுந்த நாட்களில் தண்ணீரைக் கொண்டுவந்து அறைகளின் விளிம்பில் சிறு சிறு துளிகளாகப் பூசி, வாசலில் வரிசையாக நின்று சிறகால் விசிறி அதை ஆவியாக்கிக் கூட்டைக் குளிர்விக்கின்றன. இவ்விடத்தில் நம் நாட்டுத் தேனீக்கும் ஐரோப்பியத் தேனீக்கும் ஒரு வேடிக்கையான வேற்றுமை உண்டு. ஐரோப்பியத் தேனீ தலையைக் கூட்டின் பக்கமாக வைத்து நின்று விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். நம்முடையதோ தலையை வெளிப்புறமாக நீட்டி நின்று, வெளிக்காற்றை உள்ளே தள்ளும். இரண்டிலும் காற்றோட்டம் உண்டாகிறது என்றாலும், வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக்கிடக்கும் இடவப்பாதிக் காலத்தில் அதை உள்ளே தள்ளித் தேனை உலர்த்துவது எத்தனை பிரயாசையான காரியம் என்பதை யூகித்துக்கொள்ளலாம்.

மழை வலுத்துப் பெய்யும்போது தேனீ வெளியே கிளம்புவதில்லை என்பது யாவரும் அறிந்தது. மேகமூட்டம் மட்டுமே உள்ள நாட்களில் அது வழி தவறாமல் போய்வருவதுதான் ஆச்சரியம். உணவு இருக்கும் திசையைச் சூரியனுடைய நிலையோடு பொருத்தி நடனத்தால் கூட்டாளிகளுக்கு அறிவிக்கும் தேனீயின் பாஷையைக் கண்டறிந்து, 1973-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், மேகங்களுக்கிடையே சிறிதளவு நீலவானம் தெரிந்தாலும் அங்கிருந்து வரும் ஒளியின் அதிர்வுத்தளத்தைக் கொண்டு மறைந்திருக்கும் சூரியனைத் தேனீ கணித்துவிடும் என்று காட்டினார். அவருடைய மாணாக்கரான மார்ட்டின் லிண்டாவர் 1950-களில் இலங்கைக்கு வந்து, அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, மலைத்தேனீ ஆகியவற்றின் நடனங்களையும் ஆராய்ந்தார். வானம் முழுவதும் மூடிக்கிடந்தால் பழகிய மரங்களையும் வரப்புகளையும் நினைவில் கொண்டு தேனீ வழி காணும். ஆகவே ஒரு நாளில் இரண்டு மணி நேரம் தூறல் ஓய்ந்தால் போதும், அந்த இடைவெளியில் கூட்டம் வேலை செய்துவிடும். இடைவெளியே விடாமல் நாலைந்து நாள் பிடிக்கும் அடைமழைதான் ஆபத்து.

அத்தகைய மழைக்குப் பிறகு பெட்டியைத் திறந்து நடுச்சட்டத்தைத் தூக்கிப் பார்ப்பவருக்கு அதன் விளைவு கண்ணுக்கெதிரே தெரியும். நல்ல காலத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளியின்றி மூடிய புழு அறைகள் மங்கிய பழுப்பு நிறத்தில் பரந்திருக்க, அவற்றைச் சுற்றி மகரந்தம் நிரம்பிய அறைகள் மஞ்சளும் ஆரஞ்சும் வெளிறிய பச்சையுமாக வளைந்து நிற்கும். அதற்கும் மேலே தேன். அடைமழைக்குப் பின்னர் மகரந்த வளையம் காணாமற் போயிருக்கும். மூடிய அறைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும். திறந்த அறைகளில் பால் போன்ற ஆகாரத்தில் மிதக்க வேண்டிய இளம் புழுக்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவை நோயால் செத்தவை அல்ல. மகரந்த வரவு நின்றவுடன், செவிலித் தேனீக்கள் முட்டைகளையும் மிக இளைய புழுக்களையும் தின்றுவிடுகின்றன. அந்தச் சத்தைப் பாலாகச் சுரந்து வளர்ந்த புழுக்களுக்கு ஊட்டுகின்றன. அவ்வளர்ந்த புழுக்களின் அறைகளையும் வழக்கத்துக்குச் சற்று முன்னதாகவே மூடிவிடுகின்றன. ஐரோப்பியத் தேனீக்களின் கூடுகளில் செயற்கையாக மழைநாட்களை உண்டாக்கி ஆஸ்திரிய ஆராய்ச்சியாளர்கள் இதைப் பரிசோதித்து உறுதி செய்திருக்கிறார்கள். கொடூரம் என்று தோன்றினாலும் கணக்கு சரியானது. பல நாள் செலவழித்து வளர்த்த புழுவைக் கைவிடுவதைக் காட்டிலும் இரண்டு நாள் முட்டையைக் கைவிடுவது மலிவு அல்லவா?

ஆனால் தின்னப்பட்ட அந்த முட்டைகளின் இடம் வெறுமையாகவே நின்று, பின்னால் வந்து பழிவாங்கும். அடுக்குத் தேனீயின் முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறத்தாழ 20 நாட்கள் ஆகின்றன. வெளிவந்ததும் அது பூவுக்குப் போவதில்லை. அறை துப்புரவு செய்வது, புழுவுக்குப் பாலூட்டுவது, மெழுகு சுரந்து அடை கட்டுவது, வாசல் காப்பது என்று கூட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று வாரங்களைக் கழித்த பிறகுதான் வயலுக்கும் விளைக்கும் புறப்படும். ஆக, ஐப்பசிக் கடைசியில் நாலு நாள் விடாமல் பெய்த மழையின் ஓட்டை, மார்கழியில் வானம் துலங்கியிருக்கும் நாட்களில், பூவுக்குப் போக ஆளில்லாத வடிவத்தில் வந்து நிற்கும்.

பலர் இதற்குப் பரிகாரம் சர்க்கரைப் பாகு என்று நினைக்கிறார்கள். சம அளவு தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து, மாலையில், பெட்டிக்குள்ளே, மற்றக் கூட்டத்தாருக்கு வாசனை எட்டி அவை கொள்ளையிட வராத வகையில் வைப்பது பஞ்சகாலத்தில் உயிரைக் காப்பாற்றும் என்பதில் சந்தேகமில்லை; பட்டினி கிடக்கும் அடுக்குத் தேனீ கூட்டைக் காலி செய்துவிட்டு ஓடிப்போகும் சுபாவம் உடையது, ஓடியபின் விடப்பட்ட அடைகளை மெழுகு அந்துப்பூச்சி வலை கட்டித் தின்றுவிடும். ஆயினும் சர்க்கரை எரிபொருளே தவிர, உடலை வளர்க்கும் பொருள் அதில் இல்லை. புழு வளர்வதற்கு வேண்டிய புரதம் மகரந்தத்தில்தான் இருக்கிறது. பாகை மட்டும் ஊட்டி ஆளைப் பெருக்கிவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் பஞ்சகாலத்தில் தோட்டத்தில் என்ன பூக்கிறது என்று பார்ப்பதே இல்லை.

பார்த்தால், சில எளிய ஜீவன்கள் கூட்டத்தைத் தாங்கி நிற்பது தெரியும். தென்னை ஆண்டு முழுவதும், மாதம் ஒன்று என்ற கணக்கில் பாளை விடும் மரம். ஒவ்வொரு பாளையிலும் ஆண்பூக்கள் பல நாட்களாகத் தொடர்ந்து மலர்ந்துகொண்டே இருப்பதால், பத்துத் தென்னை நிற்கும் விளையில் மகரந்தம் அடியோடு அற்றுப்போகும் நாள் அபூர்வம். அதற்கு அடுத்தபடியாக நான் மதிப்பது தொட்டாச்சிணுங்கியை. நடுவில் மழை ஓயும் காலைகளில் அதன் இளஞ்சிவப்புப் பந்துகளின் மேல் தேனீக்கள் மொய்ப்பதைப் பார்த்தவர்கள், மண்வெட்டியோடு அதை வேரோடு களையப் புறப்படும்போது சற்றே தயங்குவார்கள். தும்பையும் துளசியும் வேலியில் படரும் கொடிரோஸும் இவ்வரிசையில் சேர்ந்தவை. விளையை முற்றத்தைப் போலத் துப்புரவாக வைத்திருப்பது சிலருக்குப் பெருமை. அவர்களுடைய பெட்டிகளில் ஆடி மாதத்தில் தேனீக்கள் மெலிந்து கிடப்பதையும் கண்டிருக்கிறேன்.

பூவுக்கும் மழைக்கும் உள்ள உறவும் ஒருதன்மையானதல்ல. வாய் கவிழ்ந்து தொங்கும் பூக்களின் மதுவை மழை தொடுவதில்லை. நிமிர்ந்து விரிந்த பூக்களில் அது புகுந்து மதுவை நீர்க்கச் செய்துவிடும். மகரந்தத்துக்கோ தண்ணீரே பகை. பெரும்பாலான பூக்களின் மகரந்தப்பொடி நனைந்தால் நீரை உறிஞ்சி வெடித்துக் கெட்டுப்போகும். இதன் கொடுமையைப் பூசணிக் கொடியில் தெளிவாகக் காணலாம். பூசணியின் ஆண்பூவும் பெண்பூவும் விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறி நடுப்பகல் ஆவதற்குள் சுருங்கி மூடிவிடும். ஒரு பூவுக்கு ஒரே ஒரு காலைதான் ஆயுள். அந்தக் காலையில் மழை பிடித்துக்கொண்டு தேனீ வராவிட்டால், பெண்பூவின் அடியில் ஏற்கெனவே திரண்டிருக்கும் பிஞ்சு இரண்டு மூன்று நாட்களில் மஞ்சளித்து உதிரும். கொடிக்கு உரம் போதவில்லை என்று எண்ணிச் சாணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு. மழைநாளில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, அதன் நடுத்தண்டைப் பெண்பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவிவிட்டால் போதுமானது.

இனி ரப்பருக்கு வருவோம். இத்தாலுக்காக்களின் தேனில் பெரும்பங்கு அதிலிருந்து கிடைக்கிறது, அதுவும் பூவிலிருந்து அல்ல. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலையுதிர்த்து மொட்டையாகி, சில நாட்களில் செம்பு நிறத்தில் புதுத்தளிர் விடும். அத்தளிர் பச்சை கண்டு, ஆனால் முற்றாமல், மெத்தென்று தொங்கும் பருவத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தைத் திருப்பிப் பார்த்தால் கடுகளவுள்ள சுரப்பிகளையும், அவற்றின் மேல் பளபளவென்று நிற்கும் துளியையும் காணலாம். விரலால் ஒற்றி நாவில் வைத்தால் இனிக்கும். இலை முற்றியவுடன் இச்சுரப்பு நின்றுபோகிறது. ஆகையால் தோட்டத்துத் தேன்வரவு முழுவதும் ஒரு சில வாரங்களுக்குள் முடிந்துவிடுகிற காரியம். அவ்வாரங்களில் மழை பெய்தால் துளி கழுவப்பட்டுப் போவதோடு, ஈரமும் மூடுபனியும் சேர்ந்து இளந்தளிரில் சாம்பல் நோயைப் பரப்பித் தளிரையே உதிர்த்துவிடும். அதற்காகத்தான் தோட்டக்காரர்கள் கந்தகத் தூளைத் தூவுகிறார்கள். சுரப்பியில் மது மட்டுமே உண்டு. மகரந்தம் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரப்பர் மரங்களைத் தவிர வேறொன்றும் இல்லாத மேட்டில் கொண்டுபோய் வைத்த பெட்டியில் தேன் அறை நிரம்பிக்கொண்டே வர, கீழே புழு அறை சுருங்கிக்கொண்டே போகும்.

பிப்ரவரி தொடக்கத்தில் துளி சுரக்கிறதென்று கொண்டால், அதைச் சேகரிக்கப் போகும் தேனீயின் முட்டை டிசம்பர் மூன்றாம் வாரத்துக்கு முன்னரே இடப்பட்டிருக்க வேண்டும். இராணி அவ்வாரங்களில் தாராளமாக முட்டையிட வேண்டுமானால், அதற்கு முன்பே, வடகிழக்கு மழையின் ஓய்வு நேரங்களில், மகரந்தம் கூட்டுக்குள் வந்துகொண்டிருக்க வேண்டும். அப்படியானால் கார்த்திகையில் மழை குறைந்து வெயிலடிப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். அளவோடு நல்லது. மகரந்தம் மிதமிஞ்சி வந்து கூட்டம் மார்கழி தொடக்கத்திலேயே பெட்டி கொள்ளாமல் பெருகிவிட்டால், அடைகளின் கீழ் விளிம்பில் நிலக்கடலைத் தோடு போன்ற இராணி அறைகள் தொங்கத் தொடங்கும். ஒரு நாள் முற்பகலில் பழைய இராணி பாதிக் கூட்டத்தோடு வெளியேறிப் பக்கத்துப் பலாக்கிளையில் போய்த் தொங்கும். துளி சுரக்கும் வேளையில் பெட்டியில் பாதி ஆளே மிஞ்சும். வாரம் ஒரு முறை கீழ்விளிம்பைப் பார்த்து, அறை தோன்றும்போதே தாமே கூட்டத்தை இரண்டாகப் பிரித்து வைக்கிறவர்கள் இந்த நஷ்டத்திலிருந்து தப்புகிறார்கள்.

பிரித்து வைத்த பெட்டியில் பிறக்கும் புது இராணிக்கும் வானத்தின் தயவு வேண்டும். அது கூட்டுக்குள் இணைவதில்லை. வெளியே பறந்து ஆகாயத்தில் ஆண் தேனீக்களோடு கூடித் திரும்ப வேண்டும். இலங்கையில் 1970-களில் நடந்த ஓர் ஆராய்ச்சி, ஒரே வட்டாரத்தில் வாழும் மூன்று தேனீ இனங்களின் ஆண்கள் வெவ்வேறு வேளைகளில் பறக்கின்றன என்று காட்டியது: கொம்புத் தேனீ நடுப்பகலுக்குப் பின், மலைத்தேனீ பொழுது சாயும் அந்தியில், நம் அடுக்குத் தேனீ மாலை நாலேகால் மணி முதல் ஐந்தேகால் மணி வரை. இனங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பாமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆனால் வடகிழக்குப் பருவத்தின் இடிமழை, காலையில் வெயிலடித்துப் பிற்பகலில் கருத்து, பெரும்பாலும் அதே வேளையில்தான் கொட்டுகிறது! நாள் முழுவதும் வெயில் இருந்தும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் தினந்தோறும் தவறிப்போனால், மூன்று நான்கு வாரங்களுக்குள் இணையாத இராணி பின்னர் இடும் முட்டைகள் யாவும் ஆண் தேனீக்களாகவே பிறந்து, அந்தக் கூட்டம் வம்சமற்று அழியும். எனவே ஐப்பசியில் பிரிப்பதைக் காட்டிலும் கார்த்திகைக் கடைசிவரை பொறுப்பது உத்தமம் என்று சொல்லத் தோன்றுகிறது.

வானிலை சம்பந்தமில்லாத ஒரு கேட்டையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவி அடுக்குத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. புழு அறைக்குள் மல்லாந்து, தோல் மட்டும் பையாகி, உள்ளே நீர் கட்டிச் செத்துக் கிடக்கும். அதற்கு மருந்து கிடையாது. தப்பிய கூட்டங்களைத் தேர்ந்து பெருக்கியே இன்றைய பெட்டிகள் உண்டாயின.

அறுவடையிலும் மழையின் கை இருக்கிறது. சர்க்கரை 40 சதவீதம் உள்ள மதுவிலிருந்து, 80 சதவீதம் சர்க்கரை உள்ள ஒரு கிலோ தேன் கிடைக்க இரண்டு கிலோ மது வேண்டும்; ஒரு கிலோ தண்ணீரை விசிறிப் போக்க வேண்டும். அதே மது மழையில் நனைந்தோ பனியில் கரைந்தோ 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், நான்கு கிலோ கொண்டுவந்து மூன்று கிலோ தண்ணீரைப் போக்க வேண்டும். தேனின் இனிப்பு ஒன்றே. உழைப்பு மூன்று மடங்கு. அதனால்தான் மழை கண்ட மாசியில், அறைகள் நிரம்பியும் மூடப்படாமல் நாட்கணக்கில் கிடக்கும். பொறுமையற்றவர்கள் அந்நிலையிலேயே அடையைச் சுழற்றித் தேனை எடுத்துப் புட்டியில் அடைக்கிறார்கள். அது சில வாரங்களில் நுரைத்துப் புளித்து மூடியைத் தள்ளும். அடையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெள்ளை மெழுகு மூடி ஏறிய பிறகு எடுப்பதே முறை.

தேன் அறையிலுள்ளதை எடுக்கலாம். புழு அறையின் அடைகளில் மேல்விளிம்பில் இருப்பதை எடுக்கலாகாது, ஏனெனில் அதுதான் ஜூன் மாத அடைமழைக்குக் கூட்டம் வைத்திருக்கும் கையிருப்பு. சித்திரைக் கோடைமழை இரண்டொன்று பெய்ததும் பெட்டிகளை ரப்பர் மேட்டிலிருந்து இறக்கித் தென்னை நிழலுக்குக் கொண்டுவந்து, வாசல் வழியே அடிக்கும் சாரல்நீர் உள்ளே தேங்காமல் ஓடிவிடும்படி பின்புறத்தை ஒரு விரற்கடை உயர்த்தி வைப்பார்கள். தாங்கியின் கால்களுக்கு அடியில் எறும்புக்காக வைத்த தண்ணீர்க் கிண்ணங்களை மட்டும் மழை பெய்கிறதே என்று பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. ஓர் ஓலைக்கீற்று ஒடிந்து கிண்ணத்தின் குறுக்கே விழுந்தால் எறும்புக்கு அதுவே பாலமாகிவிடும்.